செல்போன் ஸ்டார்ட்டர்

வயலில் இருக்கும் பம்புசெட் மோட்டாரை வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ கைப்பேசி வழியாக ஓட்டவும் நிறுத்தவும் பயன்படும் கருவி செல்போன் ஸ்டார்ட்டர். மொபைல் ஸ்டார்ட்டர் என்றும் சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் மானிய அறிவிப்புகளில் தானியங்கி பம்புசெட் கட்டுப்படுத்தும் கருவி என்று வரும். இன்று மின்சாதனக் கடைகளில் பெட்டியாக விற்கப்படும் இது, வேறு வேலைக்கென்று வாங்கிய பொருள்களைப் பிரித்து, கம்பி மாற்றி, புது வேலைக்குத் திருப்பியவர்களின் முயற்சியில் உருவானது. நகரங்களில் விளக்கிலும் ஏ.சி.யிலும் தொடங்கிய வீட்டுத் தானியக்கம், காவிரிப் படுகையின் நெல் விளையும் ஊர்களில் மோட்டார் கொட்டகையில் தொடங்கி, பிறகுதான் வீட்டுக்குள் வந்தது. இந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கருவியின் அருமை புரியும்.

தேவை எழுந்த விதம்

படுகையின் நெல் மேட்டூர் அணையை நம்பியது. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணை, வழக்கப்படி ஜூன் 12 அன்று குறுவைக்காகத் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. 2020-இல்தான் அந்தத் தேதி மீண்டது. 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணை பிந்தினாலும் நாற்றங்காலுக்குப் பருவம் பிந்தாது. ஆற்று மணலின் மேல்மட்ட நீரை இழுக்கும் ஃபில்டர் பாயிண்ட், அதைவிட ஆழமான போர் ஆகியவற்றின் தண்ணீரில்தான் பலரும் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். சம்பா, தாளடிக் காலத்தில் முறைப்பாசனம் வந்தாலும், கடைமடைக்கு ஆற்று நீர் எட்டாமல் போனாலும் பம்புசெட்தான் துணை.

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கட்டணம் போனது, நேரக் கட்டுப்பாடு வந்தது. மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று நெடுங்காலம் முறை வைத்துக் கொடுக்கப்பட்டது. அணை உரிய நாளில் திறக்காத 2012-இல் குறுவைத் தொகுப்புத் திட்டத்தின் கீழ் டெல்டா மாவட்டங்களுக்கு 12 மணி நேரம் தரப்பட்டது. 2021 ஏப்ரலில் தொடங்கி 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளும் ‘த்ரீ பேஸ் வந்துடுச்சா?’ என்ற கேள்வியோடுதான் விவசாயக் குடும்பங்களின் இரவுகள் கழிந்தன.

இரவு முறை என்றால் இருட்டில் வரப்பில் நடக்க வேண்டும். நெல் வயலில் எலி உண்டு. எலி இருக்கும் இடத்தில் நாகமும் கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் உண்டு. மழையில் நனைந்த கொட்டகையில், துருப்பிடித்த இரும்புப் பெட்டியின் பொத்தானை ஈரக் கையால் அழுத்த வேண்டும். மோட்டாரைப் போட்டு வீடு திரும்பிய அரை மணியில் கரண்ட் போய்விடும். மறுபடி வரும்போது மோட்டார் தானாக ஓடாது. வயதானவரும் பெண்களும் மட்டும் ஊரில் இருக்க, பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது அன்றாடத் துன்பம். செல்போன் ஸ்டார்ட்டரைச் சொகுசுப் பொருளாகப் பார்ப்பவர்கள் இந்த நடையை அறியாதவர்கள்.

ஸ்டார்ட்டரின் உள்ளமைப்பு

சாதாரண ஸ்டார்ட்டரில் பச்சை, சிவப்பு என இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் உள்ளே இருக்கும் காயிலுக்கு மின்சாரம் கிடைத்து, அது காந்தமாகி மூன்று பேஸ் தொடுப்புகளையும் இழுத்து மூடும். மோட்டார் ஓடத் தொடங்கும். அதே இழுப்பில் பச்சைப் பொத்தானுக்கு இணையாக உள்ள சிறு தொடுப்பு ஒன்றும் மூடிக்கொள்வதால், விரலை எடுத்த பிறகும் காயில் விடாது. சிவப்புப் பொத்தான் அதே காயிலின் வழியில் தொடராக உட்கார்ந்திருக்கிறது. அதை அழுத்தினால் வழி அறுந்து எல்லாம் விடுபடும். அளவுக்கு மீறி ஆம்பியர் ஏறினால் சூடாகி வளையும் ஈருலோகத் தகடு கொண்ட ஓவர்லோடு ரிலேயும் அதே வழியில்தான் இருக்கிறது.

கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும், யாராவது பச்சையை அழுத்தும்வரை அப்படியே நிற்கும். இது குறையாகத் தோன்றினாலும் பாதுகாப்புக்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்: கம்பி அறுந்து கிடக்கும்போதோ மோட்டாரில் யாராவது கை வைத்திருக்கும்போதோ தானாக ஓடிவிடக் கூடாது.

இந்தப் பாதுகாப்பை முதலில் சுற்றிப் போனது ஆட்டோ சுவிட்ச். மூன்று பேஸும் வந்ததை உணர்ந்து, சில நொடி பொறுத்து, விவசாயிக்குப் பதிலாகத் தானே பச்சையை அழுத்தும் சிறு பெட்டி அது. தூக்கம் மிச்சமானது உண்மை. ஆனால் வயல் நிரம்பியதா, வரப்பு உடைந்ததா என்பது ஆட்டோவுக்குத் தெரியாது. கரண்ட் இருக்கும்வரை ஓட்டும். ஓர் ஊரின் எல்லா ஆட்டோக்களும் ஒரே நொடியில் மோட்டாரைக் கிளப்பினால், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு ஆம்பியரை எல்லா மோட்டார்களும் ஒன்றாக இழுத்து டிரான்ஸ்ஃபார்மரைத் திணறடிக்கும். இலவச மின்சாரமும் ஆட்டோவும் சேர்ந்து நிலத்தடி நீரை வீணாக்குகின்றன என்று நீர்வளம் படிப்பவர்கள் சொல்லும் குறை நியாயமானது. மோட்டாரைப் போடுவதைவிட, வேண்டாதபோது நிறுத்துவதுதான் அரிய வேலை. அதை ஆட்டோவால் செய்ய முடியவில்லை.

பழைய கைப்பேசியின் மறுவேலை

2000-க்குப் பிறகு கைப்பேசி ஊருக்குள் வந்து, ஒரு வீட்டில் இரண்டாவது கைப்பேசி வாங்கியதும் முதலாவது பரணுக்குப் போனது. அந்தப் பழைய பொத்தான் கைப்பேசிதான் முதல் செல்போன் ஸ்டார்ட்டர்களின் உயிர். அதற்குள் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, பேட்டரி, வானொலிப் பகுதி எல்லாம் சோதித்து முடித்த நிலையில் தயாராக இருந்தன. இவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கட்டினால் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பழைய கைப்பேசிக்கு விலை இல்லை.

அதை மோட்டாருடன் பேச வைத்தது கைப்பேசிக்கும் முந்தைய ஒரு கண்டுபிடிப்பு. 1963-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் பொத்தான் தொலைபேசியை அறிமுகப்படுத்தியபோது, ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும் முறையை வகுத்தது. 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். 2-ஐ அழுத்தினால் 697-உம் 1,336-உம். மனிதக் குரலோ இரைச்சலோ தற்செயலாக இந்த இணையை உண்டாக்குவது அரிது என்பதே இதன் பலம். டி.டி.எம்.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஒலிகளைக் கேட்டு எண்ணாக மாற்றித் தரும் சில்லுதான் எம்.டி.8870. அதற்குத் தாளம் கொடுக்க 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று வேண்டும். விசித்திரமான இந்த எண் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலைவரிசை. தொலைக்காட்சிகளுக்காகக் கோடிக்கணக்கில் செய்ததால் படிகம் மலிந்து, தொலைபேசிச் சில்லுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். அதனால் தஞ்சாவூர் வயல் கொட்டகைக்குள்ளும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் படிகம் வந்து சேர்ந்தது.

இணைப்பு முறை எளிது. பழைய நோக்கியா வகைக் கைப்பேசிகளில் ஹெட்செட் செருகியிருந்தால் அழைப்பைத் தானாக ஏற்கும் அமைப்பு இருந்தது. அதை இயக்கிவிட்டு, ஹெட்செட் கம்பியைக் காதுக்குழலுக்கு முன் வெட்டி, எம்.டி.8870-இன் உள்ளீட்டில் பற்ற வைப்பார்கள். விவசாயி வீட்டிலிருந்து அழைப்பார். கொட்டகைக் கைப்பேசி தானாக எடுக்கும். அவர் 1-ஐ அழுத்துவார். சில்லின் நான்கு வெளியீட்டுக் கால்களில் எண்ணுக்கேற்ற கால் உயரும். 1, 2, 4, 8 ஆகிய நான்கு எண்களும் ஆளுக்கொரு காலை மட்டும் உயர்த்துபவை என்பதால், நிரல் எழுதாமலே, நுண்கட்டுப்படுத்தி இல்லாமலே நான்கு தனித்தனிக் கட்டளைகள் கிடைத்துவிடும்.

இன்னொரு காலும் உண்டு. சரியான ஒலி கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் அது உயர்ந்திருக்கும். எண்ணைச் சொல்லும் காலையும் இதையும் சேர்த்து, இரண்டும் உயர்ந்தால் மட்டும் ரிலே இழுக்கும்படி கட்டினால், கைப்பேசியில் 1-ஐ அழுத்திப் பிடித்திருப்பது வயலில் பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம். விரலை எடுத்தால் ரிலேயும் விடும். முதல் ரிலேயின் திறந்த தொடுப்பு பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், இரண்டாவது ரிலேயின் மூடிய தொடுப்பு சிவப்புப் பொத்தானுக்குத் தொடராகவும் போகும். ஸ்டார்ட்டரில் எதையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. பழைய பொத்தான்கள் இரண்டும் பழையபடியே வேலை செய்யும். இந்த அடக்கம்தான் அமைப்பின் சிறப்பு என்பேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் இதே சுற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் அதற்கான உதிரிகள் மொத்தமாகவே கிடைத்தன. பாடத்திட்டத்துக்காகச் செய்து மேசையில் மின்விளக்கை எரிய விட்ட பலர், ஊருக்குப் போய் அதே அட்டையை அப்பாவின் மோட்டாரில் மாட்டினார்கள்.

குறைகளும் இருந்தன. அழைப்பை எடுத்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் காசு போகும். எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் அது எடுக்கும். எண் தெரிந்த எவரும் 1-ஐ அழுத்தினால் மோட்டார் ஓடும். ஓடியதா இல்லையா என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. கொட்டகையின் வெயிலில் பேட்டரி உப்பிப் போவதும் வழக்கம்.

கைப்பேசியை விட்டு, அதன் வானொலிப் பகுதியை மட்டும் தனி அட்டையாக வாங்க முடிந்தபோது இந்தக் குறைகள் தீர்ந்தன. சிம்காம் நிறுவனத்தின் சிம்900, சிம்800 தொகுதிகள் இந்த வகையில் மிகவும் புழங்கியவை. 1981-இல் டென்னிஸ் ஹேயஸின் நிறுவனம் தன் மோடத்துக்காக வகுத்த ஏ.டி. கட்டளைகளையே இவையும் புரிந்துகொள்கின்றன. அழைப்பவரின் எண் என்ன என்று தொகுதியே சொல்லும். பட்டியலில் உள்ள எண்ணாக இருந்தால், அழைப்பை எடுக்காமலே துண்டித்துவிட்டு மோட்டாரைக் கிளப்பலாம். மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் போடும் பழக்கம் இதிலிருந்து வந்தது. மோட்டாருக்குப் போகும் கம்பியை ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வளையத்துக்குள் விட்டால் ஆம்பியரும் தெரியும்: 5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7 முதல் 9 ஆம்பியர் இழுக்கும். போரில் நீர் வற்றினால் சுமை குறைந்து ஆம்பியர் இறங்கும். அதைக் கண்டதும் கருவி மோட்டாரை நிறுத்தி உரிமையாளருக்குத் திருப்பி அழைக்கும். நீரில் மூழ்கியே குளிரும் சப்மெர்சிபிள் மோட்டார் வெறும் குழாயில் ஓடிக் கருகுவதை இது தடுக்கிறது. ஒரு மோட்டாரைக் காயில் கட்ட ஆகும் செலவையும், அதுவரை காயும் பயிரையும் நினைத்தால், இந்த ஒரு வசதிக்கே கருவியின் விலை தகும்.

கடைக்கு வந்த கருவி

இந்தியாவில் இதை முதலில் பெயர் சொல்லி விற்கும் பொருளாக்கியவர்களில் புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வால் முக்கியமானவர். அவருடைய நானோ கணேஷ் என்ற கருவி, 2009-இல் நோக்கியா நடத்திய புத்தாக்கப் போட்டியில் பரிசு பெற்றது. இரவில் மோட்டார் போட வயலுக்கு நடந்த தாத்தாவின் சிரமத்தைச் சிறுவயதில் பார்த்ததுதான் தன் முயற்சிக்குக் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெங்களூரிலிருந்து கிசான் ராஜா என்ற கருவி வந்தது. பம்பும் ஸ்டார்ட்டரும் செய்யும் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த கோயம்புத்தூர், தமிழ்நாட்டுக்கான கருவிகளைச் செய்யத் தொடங்கியது. தமிழில் குரல் கொடுத்து ‘மோட்டார் ஓடுகிறது’ என்று சொல்லும் பெட்டிகள் வந்ததும், எழுத்துப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் பயன்படுத்த முடிந்தது.

தமிழ்நாடு அரசு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக இக்கருவிக்கு மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

வீட்டுக்குள்

மோட்டாரைக் கைப்பேசியில் போட்டுப் பழகிய குடும்பத்துக்கு, வீட்டு மேல்நிலைத் தொட்டி மோட்டாரையும் வாசல் விளக்கையும் அப்படிப் போடலாமே என்று தோன்றுவது இயல்பு. இதற்கு ஏற்ற பொருள் 2014-இல் வந்தது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்.பி.8266 என்ற சில்லு, வைஃபையையும் சிறு கணினியையும் ஒன்றாக்கிச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தது. ஷென்ஜென்னின் ஐடெட் நிறுவனம் அதை ஒரு ரிலேயோடு சேர்த்து சோனாஃப் என்ற பெயரில் மலிவான சுவிட்சாக்கியது. ஹாங்ஜோவின் டுயா நிறுவனத்தின் தொகுதிகளை வைத்து இந்தியப் பெயர்களிலும் ஏராளமான பிளக்குகளும் பல்புகளும் வருகின்றன.

இவை வாங்கிய நிலையில் ஒரு பெருங்குறையோடு வருகின்றன. கூடத்தில் நின்று கைப்பேசியில் அழுத்தும் கட்டளை, தொலைதேசத்துச் சர்வர் வரை போய்த் திரும்பித்தான் அதே கூடத்தில் இருக்கும் விளக்கை எரிய வைக்கும். இணையம் போனால் விளக்கு கேட்காது. நிறுவனம் சர்வரை அணைத்துவிட்டால் பொருளே செத்துவிடும். 2016-இல் ரிவால்வ் என்ற கருவிக்கும், 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் கருவிகளுக்கும் இதுதான் நடந்தது. காற்றடித்தால் கரண்டும் கேபிளும் சேர்ந்து போகும் படுகை ஊர்களில் இத்தகைய சார்பு ஏற்கத்தக்கதல்ல என்பது என் உறுதியான கருத்து. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, நாகை முதல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை மின்கம்பங்கள் சாய்ந்து, ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கட்டளை வீட்டுச் சுவருக்குள்ளேயே முடிய வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும்வரை சுவிட்ச் வேலை செய்ய வேண்டும்.

அதற்கான வழி, சாதனத்தில் இருக்கும் மென்பொருளை அழித்து வேறொன்றை ஏற்றுவது. நெதர்லாந்தின் தியோ ஆரென்ட்ஸ் எழுதி இலவசமாக வெளியிட்ட டாஸ்மோட்டா இந்தத் துறையில் பெரிதும் நம்பப்படுவது. பழைய சோனாஃபின் அட்டையில் நான்கைந்து துளைகள் வரிசையாக இருக்கும், அவற்றில் 3.3 வோல்ட், தரை, அனுப்பு, பெறு என்ற நான்கு இணைப்புகளுக்கு யு.எஸ்.பி. மாற்றியின் கம்பிகளைக் கொடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் சில்லு புது நிரலுக்குக் காத்து நிற்கும். 5 வோல்ட் கொடுத்தால் சில்லு எரிந்துவிடும். இந்த வேலை நடக்கும்போது சாதனம் வீட்டு மின்சாரத்தில் இருக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தரைக்கம்பி 230 வோல்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல, தொட்டால் ஆளும் கணினியும் போகும்.

டுயா சாதனங்களைத் திறக்காமலே, காற்று வழியாகப் புது நிரல் ஏற்றும் ஓட்டை ஒன்றை ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டைகர்வால்ட் 2018 இறுதியில் வெளிப்படுத்தினார். நிறுவனம் பிறகு அதை அடைத்தது. சில்லையும் பெக்கன் போன்ற வேறு வகைகளுக்கு மாற்றியது. அவற்றுக்கும் ஓபன்பெக்கன் போன்ற மாற்று நிரல்கள் வந்துவிட்டன. பெட்டியின் மேல் ஒரே பெயரும் ஒரே படமும் இருந்தாலும் உள்ளே எந்தச் சில்லு என்பது திறந்தால்தான் தெரியும். பிரித்துவிட்டால் உத்தரவாதம் போய்விடும்.

தனித்தனிச் சுவிட்சுகளை ஒன்றிணைப்பது 2013-இல் பவுலஸ் ஷௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட். சுவிட்சுகளும் அதுவும் பேசிக்கொள்ளும் எம்.க்யூ.டி.டி. என்ற முறை, 1999-இல் பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கப்பட்டது. மெலிந்த இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். இதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் படிப்பு முடிந்து சும்மா கிடக்கின்றன. நிலையில் உள்ள ஒன்றில் லினக்ஸ் ஏற்றி ஹோம் அசிஸ்டன்ட்டை ஓட்டலாம். பேட்டரி தேறியதாக இருந்தால் கரண்ட் போன நேரத்துக்கும் அது தாங்கும்.

தொட்டி மோட்டாருக்கு டாஸ்மோட்டாவில் இரண்டு அமைப்புகள் இன்றியமையாதவை. மின்சாரம் போய்த் திரும்பும்போது ரிலே அணைந்த நிலையிலேயே இருக்க வேண்டும். அதற்கு பவர் ஆன் ஸ்டேட் மதிப்பை 0 ஆக்க வேண்டும். பல்ஸ்டைம் என்ற அமைப்பில் 1300 என்று கொடுத்தால், அதிலிருந்து 100-ஐக் கழித்து 1,200 நொடி, அதாவது 20 நிமிடம் கழிந்ததும் சுவிட்ச் தானே அணையும். இந்தக் கணக்கு சாதனத்துக்குள்ளேயே நடப்பதால், வைஃபை போனாலும் தொட்டி வழியாது. மிதவை சுவிட்ச் இருந்தாலும் இதையும் போட்டு வைப்பது நல்லது. மிதவையில் பாசி பிடித்துச் சிக்கிக்கொள்வது சாதாரணம்.

வயலிலும் இதே சிந்தனை பயன்படும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையில், 30 செ.மீ. நீளமுள்ள துளையிட்ட குழாயைப் பாதியளவு மண்ணில் இறக்கி, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி நீர் பாய்ச்சச் சொல்கிறார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். குழாயின் வாயில் நீர்புகாத மீயொலி உணரி ஒன்றைப் பொருத்தி அளவைக் கைப்பேசிக்கு அனுப்பச் செய்தால், போட வேண்டிய நாளும் நிறுத்த வேண்டிய நேரமும் வீட்டிலேயே தெரியும். ஆனால் ஒரு வேலி நிலம் என்றால் பழைய நில அளவுக் கணக்கில் இருபது மா. மேடு பள்ளம் ஒவ்வொரு வயலுக்கும் வேறு. ஒரே குழாயை நம்பி மோட்டாரைத் தானாக ஓட விடுவதைவிட, அளவைப் பார்த்து மனிதர் முடிவு செய்வதே இப்போதைக்குப் பொருத்தம்.

ஆபத்தும் அளவும்

ரிலே அட்டைகளில் காணும் நீலநிறச் சிறு ரிலே 250 வோல்ட், 10 ஆம்பியருக்கு மட்டும் தகுதி பெற்றது. மும்முனை ஸ்டார்ட்டரின் காயில் பெரும்பாலும் இரண்டு பேஸுக்கு இடையிலான 415 வோல்ட்டில் வேலை செய்வது. நீல ரிலேயை நேரே அதில் கொடுத்தால் தொடுப்பில் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. நடுவில் தகுதியான ரிலே ஒன்றை வைக்க வேண்டும். வீட்டில் 1 ஹெச்.பி. மோட்டாரைக்கூட 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் நேராக மாட்டக் கூடாது. கிளம்பும் நொடியில் அது இழுப்பது ஓட்டத்தில் இழுப்பதைவிடப் பல மடங்கு. பிளக் ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

கொட்டகையில் எர்த் சரியாக இருப்பது எந்தத் தானியக்கத்தையும்விட முக்கியம். ஒரு பேஸ் இல்லாதபோது மோட்டாரைத் தடுக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரைக் கழற்றிவிட்டு, கபாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தொலைவிலிருந்து ஓட்டும் கருவியோடு அது சேர்ந்தால் மோட்டார் கருகுவதைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. மழைக்கால மின்னலுக்கு சர்ஜ் தடுப்பானும், எறும்பும் பல்லியும் புகாத அடைப்பும் தேவை. மோட்டாரில் கை வைக்கும் முன் கைப்பேசிக் கருவியை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரு குழந்தை விளையாட்டாக அந்த எண்ணை அழைத்தால் போதும்.

சிம்மும் அதற்கு மாற்றும்

செல்போன் ஸ்டார்ட்டரின் ஆயுள் அதற்குள் இருக்கும் சிம்மின் ஆயுள். தமிழ்நாட்டில் பெருவாரியாகப் புழங்கிய ஏர்செல் 2018-இல் மூடப்பட்டது. அந்த சிம் போட்ட கருவிகளுக்கெல்லாம் சிம்மை மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் பெரிய நிறுவனங்கள், அழைப்பு வருவதற்கே மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் வேண்டும் என்று கொண்டுவந்தன. மிஸ்டு கால் வாங்குவதைத் தவிர வேறு வேலையில்லாத சிம்முக்கு அதுவரை செலவே இருந்ததில்லை. சிம்800 போன்ற தொகுதிகள் 2ஜி-யில் மட்டும் வேலை செய்பவை. 2ஜி இல்லாத ஜியோவில் அவை எடுக்காது. புதிய கருவிகளில் 4ஜி தொகுதி வருகிறது, விலையும் ஏறுகிறது. வயலில் ஒழுங்காக உழைக்கும் நல்ல கருவி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வணிக முடிவால் பயனற்றுப் போவது விவசாயிக்கு நேரும் அநீதி.

சிம்மே இல்லாத வழி லோரா. குறைந்த திறனில் மெதுவாக, நெடுந்தூரம் பேசும் இந்த வானொலி முறைக்கு இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்த இடமுண்டு. வீட்டு மாடியில் ஒன்று, மோட்டார் கொட்டகையில் ஒன்று என இரண்டு அட்டைகள் போதும். குன்றும் காடும் இல்லாத சமவெளி இதற்கு மிகவும் தோதானது. ஆன்டெனாவை உயரத்தில் கட்டினால் ஓரிரு கிலோமீட்டர் எட்டும். தென்னந்தோப்போ கான்கிரீட் வீடுகளோ குறுக்கிட்டால் தூரம் குறையும். இ.எஸ்.பி.32 சில்லும் லோரா வானொலியும் ஒரே அட்டையில் கிடைக்கின்றன. வீட்டு முனையை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைத்தால் வயல் மோட்டாரும் வாசல் விளக்கும் ஒரே திரையில் வரும். மாதச் செலவு கிடையாது. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதைக் கொட்டகை முனை திரும்பச் சொல்லும்படியும், குறித்த நேரம்வரை வீட்டிலிருந்து எந்தச் செய்தியும் வராவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்தும்படியும் நிரல் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து ஓட்ட விரும்பினால் மட்டும் வீட்டு முனைக்கு இணைய இணைப்பு தேவைப்படும்.